சிற்றலையில் பைரேட் நிலையம் பிடிபடவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

உரிமம் இல்லாமல் சிற்றலையில் ஒலிபரப்பும் பைரேட் நிலையங்களைத் தேடுபவருக்கு வரும் தொல்லைகளில் பாதி, சர்வதேச வானொலி மட்டும் கேட்பவருக்குத் தெரியவே வராது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பெரிய வானொலியின் டிரான்ஸ்மிட்டர் 100 கிலோவாட் என்றால், பைரேட் நிலையத்தின் பெட்டி பெரும்பாலும் 10 முதல் 100 வாட்தான். 10 வாட்டுக்கும் 100 கிலோவாட்டுக்கும் இடையே பத்தாயிரம் மடங்கு, அதாவது 40 டெசிபெல் வித்தியாசம். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு படிக்கு 6 டெசிபெல் என்று வைத்தால் ஏறக்குறைய ஏழு படிகள். ஒரே பாதையில் பெரிய நிலையம் எஸ்9-ல் வந்தால் பைரேட் எஸ்2-ல் வரும். வீட்டு இரைச்சல் எஸ்5-ல் நின்றால், நிலையம் வந்து போனதே உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் ரேடியோவின் விலையைவிட இரைச்சலின் அளவு இங்கே முக்கியம். கீழே உள்ளதை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது: மூன்று ரிசீவர் சோதனை

கோளாறு நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: வானத்தில், வீட்டில், ரேடியோவில், அல்லது ஒலிபரப்புபவர் பக்கத்தில். எது என்று தெரியாமல் ஆன்டெனாவை மாற்றுவது வீண் வேலை. பிரித்தறியக் கிவி எஸ்டிஆர் எனும் இணையவழி ரிசீவர்கள் போதும். உலகம் முழுக்கப் பலர் இவற்றைப் பொதுவில் திறந்து வைத்திருக்கிறார்கள். 30 மெகாஹெர்ட்ஸ் வரை ட்யூன் செய்யலாம். ஐரோப்பிய நிலையங்களுக்கு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆரும் உண்டு.

மூன்று ரிசீவர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று உங்களிடமிருந்து 100 கிலோமீட்டருக்குள், இன்னொன்று 600 கிலோமீட்டர் அளவில், மூன்றாவது 2000 கிலோமீட்டர் அளவில். ஒரே அதிர்வெண்ணை மூன்றிலும் வைத்துக் கேளுங்கள். பக்கத்து ரிசீவரில் தெளிவாகக் கேட்டு உங்களிடம் இல்லையென்றால் கோளாறு உங்கள் வீட்டில் அல்லது ரேடியோவில். பக்கத்தில் இல்லாமல் தொலைவில் மட்டும் கேட்டால் அது வானத்தின் வேலை. நீங்கள் எதையும் தொட வேண்டாம். மூன்றிலும் மௌனம் என்றால் ஒலிபரப்பே இல்லை, அல்லது அதிர்வெண் தவறு. உங்களிடம் மட்டும் கேட்டு வேறெங்கும் இல்லையென்றால் மகிழ வேண்டாம். உங்கள் ரேடியோவே அந்த நிலையத்தை உற்பத்தி செய்திருக்க வாய்ப்பு அதிகம். அதைப் "பேய் நிலையங்கள்" பகுதியில் பார்ப்போம்.

வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வெகுதூரத்தில் இருப்பவர்களுக்குச் சொந்த ஆன்டெனாவில் 20 வாட் நிலையம் பிடிபடுவது அரிது. அவர்கள் இந்த இணைய ரிசீவர்களையே முழு ரிசீவராக வைத்துக் கேட்கலாம். வாட்டர்ஃபாலின் (அதிர்வெண்களின் பலத்தை நிறமாகக் காட்டி நகரும் படத்தின்) பின்புலம் கறுத்து, செங்குத்துக் கோடுகள் குறைவாக உள்ள ரிசீவரைத் தேடிப் பிடிப்பதுதான் அங்கே ஆன்டெனா வேலைக்கு ஈடு.

## இரைச்சல் மட்டும்தான், நிலையம் ஒன்றுகூட இல்லை

நேரம், இடம் (அதிர்வெண்), மோடு (ஒலியை அலையில் ஏற்றும் முறை) என்ற வரிசையில் பாருங்கள்.

பைரேட்கள் நாள் முழுக்க ஒலிபரப்புவதில்லை. வட அமெரிக்காவில் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை நடமாட்டம் அதிகம். அக்டோபர் 31 ஹாலோவீன் இரவும் புத்தாண்டை ஒட்டிய நாட்களும் ஆண்டின் உச்சம். ஐரோப்பாவில் சனி இரவும் ஞாயிறு காலையும். செவ்வாய்க்கிழமை மதியம் உட்கார்ந்து ஒன்றும் இல்லையென்று ரேடியோவைச் சந்தேகிப்பதில் பயனில்லை.

வட அமெரிக்க நிலையங்கள் 6800 முதல் 7000 கிலோஹெர்ட்ஸுக்குள், அதிலும் 6925-லிருந்து 6960 வரை குவிகின்றன. 7000-க்கு மேல் ஹாம்களின், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்களின், 40 மீட்டர் பேண்ட் தொடங்குகிறது. ஐரோப்பியர்களின் பழைய வீடு 48 மீட்டர் பேண்ட்: 6200 முதல் 6400 வரை, பெரும்பாலும் ஏஎம். இரவில் சிலர் 3900 பக்கம் இறங்குகிறார்கள். நெதர்லாந்து நிலையங்கள் மத்திய அலைக்கு மேலே, 1611-க்கும் 1700-க்கும் இடையில் தனிக் கூட்டமாக இருக்கின்றன.

மோடுதான் புதியவர்களைக் கவிழ்ப்பது. வட அமெரிக்க நிலையங்களில் நிறைய அப்பர் சைட்பேண்டில் வருகின்றன: கேரியர் எனும் தாங்கு அலையை நீக்கி, ஒரு பக்க அலையை மட்டும் அனுப்பும் எஸ்எஸ்பி முறை அது. ஏஎம்-ல் வைத்துக் கேட்டால் தொண்டையடைத்த முணுமுணுப்புதான். எஸ்எஸ்பி பொத்தான் இல்லாத ரேடியோவில் அவற்றைப் பிடிக்க வழியில்லை. வாட்டர்ஃபால் பார்ப்பவருக்கு இது எளிது. ஏஎம் நிலையம் நடுவில் ஒரு பளிச்சென்ற கோடும் இருபுறமும் ஒரே மாதிரி மேகமுமாக இருக்கும். அப்பர் சைட்பேண்டில் நடுக்கோடு இருக்காது. டயல் எண்ணுக்கு வலப்புறம் மட்டும் மேகம்.

மூன்றும் சரியென்றால் சோதனைச் சிக்னல் ஒன்றைத் தேடுங்கள். அமெரிக்காவின் டபிள்யூ டபிள்யூ வி நேரச் சிக்னல் 5, 10 மெகாஹெர்ட்ஸில் ஏஎம்-ல் எந்நேரமும் உண்டு. விமானிகளுக்கு வானிலை சொல்லும் நியூயார்க் வால்மெட் 6604-லும் அயர்லாந்தின் ஷானன் வால்மெட் 5505-லும் அப்பர் சைட்பேண்டில் வருகின்றன. 6604-ல் குரல் தெளிவாக விழுந்தால், 6925-க்கான பாதை, ஆன்டெனா, உங்கள் எஸ்எஸ்பி ட்யூனிங் மூன்றும் நலமென்று ஒரே கேட்பில் தெரிந்துவிடும்.

## டயல் முழுக்க ஒரே உறுமல்

இந்தப் பொழுதுபோக்கைக் கொல்வது இதுதான். இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஆன்டெனாவைக் கழற்றுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது அடாப்டர் வழியாகவோ யூஎஸ்பி கேபிள் வழியாகவோ ரேடியோவுக்குள் வருகிறது. பேட்டரிக்கு மாறுங்கள். லேப்டாப்பில் எஸ்டிஆர் (மென்பொருள் ரேடியோ) ஓடினால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். பல வீடுகளில் இந்த ஒரு செயலில் இரண்டு மூன்று எஸ் படிகள் இறங்கும்.

கழற்றியதும் இரைச்சல் விழுந்தால் ஆன்டெனா அதைப் பிடித்துத் தருகிறது. அடுத்து மெயின் சுவிட்ச் சோதனை. பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோவை 6925-ல் ஏஎம்-ல் வைத்து, வீட்டு மெயினை அணையுங்கள். யூபிஎஸ், இன்வெர்ட்டர் இருந்தால் அவற்றையும் அணைக்க வேண்டும். மெயின் போன பிறகும் அவை இரைந்துகொண்டே இருக்கும். இரைச்சல் மறைந்தால் எதிரி உங்கள் வீட்டுக்குள். ஒவ்வொரு சர்க்யூட்டாக ஏற்றுங்கள். எதில் உறுமல் திரும்புகிறதோ, அந்த லைனில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். பிறகு ரேடியோவின் ஏரியலை மடக்கிவிட்டு, சந்தேகப்படும் அடாப்டரிடம் 20 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டு போங்கள். குற்றவாளியின் அருகே இரைச்சல் திடீரென எகிறும்.

இரைச்சலின் குணமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வாட்டர்ஃபாலில் 30 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மங்கலான மேடுகள் திரும்பத் திரும்ப வந்து, மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் ஸ்விட்ச்சிங் அடாப்டர்: போன் சார்ஜர், ரௌட்டர், டிவி, எல்இடி விளக்கின் டிரைவர். கரகரப்பு மாலையில் விளக்கு போடும் நேரத்தில் தொடங்கினால் விளக்கையே முதலில் பாருங்கள். சூரியன் உதித்ததும் தொடங்கி மறைந்ததும் நின்றால் சோலார் இன்வெர்ட்டர். ஒரு நொடிக்கொரு முறை டக் டக் என்றால் மின்வேலி. வெயிலிலும் காற்றிலும் கடுமையாகி, மழை பெய்ததும் அடங்கினால் வெளியே மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கிறது. அதை நீங்கள் தொடக் கூடாது. மின்வாரியம்தான் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று பைரேட் பேண்டுக்கே உரியது. இரைச்சல் 6999 வரை பலமாக இருந்து 7000-ல் கத்தியால் வெட்டியதுபோல விழுந்தால், வீட்டு மின்வயரிலேயே இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் எங்கோ ஓடுகிறது. அவை ஹாம் பேண்டுகளை மட்டும் விட்டுவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 6925 அந்தச் சலுகைக்கு வெளியே. உங்கள் வீட்டில் இருந்தால் ஈதர்நெட் கேபிளுக்கு மாறுங்கள். பக்கத்து வீட்டில் என்றால் பேசிப் பார்க்க வேண்டியதுதான்.

மூலத்தை நீக்க முடியாத இடத்தில் பாதையை அடைக்கலாம். இரைச்சல் பெரும்பாலும் கோ-ஆக்ஸியல் கேபிளின் வெளித்தோலில் ஊர்ந்து வந்து ஆன்டெனாவில் ஏறுகிறது. 31-ஆம் கலவை ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு காந்தப் பொருள்) வளையத்தில், 61 மில்லிமீட்டர் விட்டம் உள்ளதில், கேபிளை 10 முதல் 12 சுற்று சுற்றினால் 7 மெகாஹெர்ட்ஸில் சில ஆயிரம் ஓம் தடை கிடைக்கும். ஆன்டெனா முனையில் ஒன்று, ரிசீவர் முனையில் ஒன்று. கேபிளின் மேல் ஒரு கிளிப் ஃபெரைட்டை மாட்டிவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். தடை சுற்றுகளின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது. ஒரு முறை நுழைந்த வயருக்கும் பத்துச் சுற்றுக்கும் ஏறத்தாழ நூறு மடங்கு வித்தியாசம். பலன் தெரியாததில் வியப்பில்லை.

நீள வயர் ஆன்டெனா என்றால் அதைக் கேபிளோடு பொருத்தும் 9:1 மின்மறுப்பு விகித டிரான்ஸ்ஃபார்மரை இரு தனிச் சுருள்களாகச் சுற்றுங்கள்: வயர் பக்கம் 9 சுற்று, கேபிள் பக்கம் 3. சுருள்கள் ஒன்றையொன்று தொடாதவரை கேபிளின் இரைச்சலுக்கு நேர்வழி கிடையாது. வயர் பக்கச் சுருளின் மறுமுனையை வீட்டிலிருந்து தள்ளி நட்ட தனி எர்த் கம்பியில் கட்டுங்கள். வீட்டு பிளக்கின் எர்த்தில் கட்டினால் வீட்டு இரைச்சல் முழுவதையும் நீங்களே வரவேற்றதாகும். ஆன்டெனாவை வீட்டுச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளுவது, அதே ஆன்டெனாவை இரட்டிப்பு நீளமாக்குவதைவிட மேல். மின்கம்பிக்கு மேலோ கீழோ வயர் போகவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் கேபிளை ரிசீவரிலிருந்து கழற்றி வெளியே வையுங்கள்.

மாடிக் குடியிருப்பில் இதெல்லாம் முடியாதென்றால் ஒரு மீட்டர் விட்ட லூப் ஆன்டெனாவே வழி. லூப்பை மெல்லச் சுழற்றினால் ஒரு திசையில் வீட்டு இரைச்சல் குழிக்குள் விழுவதுபோல அடங்கும். சிற்றலையைத் திருப்பி அனுப்பும் வானின் அயனி மண்டலத்திலிருந்து வரும் பைரேட் சிக்னல் பல கோணங்களில் இறங்குவதால் அவ்வளவு அடங்காது. காதுக்கு நிலையம் உரக்கக் கேட்கும் கோணத்தை விட்டுவிட்டு, இரைச்சல் மிகக் குறையும் கோணத்தில் நிறுத்துங்கள்.

## மாலையில் நன்றாக இருந்தது, இருட்டியதும் காணாமல் போனது

ரேடியோ கெட்டுவிட்டதென்று பலர் நினைப்பது இதைத்தான். அயனி மண்டலத்தின் எஃப்2 அடுக்கு நேர் செங்குத்தாகத் திருப்பி அனுப்பக்கூடிய உச்ச அதிர்வெண் ஒன்று உண்டு. அயனோசோண்ட் நிலையங்கள் அதை அளந்து இணையத்தில் உடனுக்குடன் தருகின்றன. அந்த எண் 7 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும்வரை 6925-ல் பக்கத்து ஊர் நிலையமும் கேட்கும். இருட்டியபின் எண் இறங்க இறங்க நிலையத்தைச் சுற்றி ஒரு மௌன வளையம் விரிகிறது. அடுக்கு 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால், உச்ச எண் 5 ஆகும்போது வளையத்தின் ஆரம் தோராயமாக 600 கிலோமீட்டர். எண் 3 ஆனால் 1250 கிலோமீட்டர். அந்த வளையத்துக்குள் இருக்கும் உங்களுக்கு எவ்வளவு நல்ல ஆன்டெனாவும் உதவாது. அப்பால் இருப்பவர் அதே நேரத்தில் பிரமாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். நேயர்கள் "பேண்ட் நீண்டுவிட்டது" என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

செய்யக்கூடியது இரண்டு. பக்கத்து நிலையங்களை விட்டுவிட்டுத் தொலைதூர நிலையங்களைத் தேடலாம். அவை இப்போதுதான் வரும். அல்லது கீழே இறங்கலாம்: அனுபவமுள்ள ஒலிபரப்பாளர்கள் இதையறிந்து 4 மெகாஹெர்ட்ஸ் பக்கமோ அதற்கும் கீழோ மாறுகிறார்கள். சூரிய சுழற்சி 2024-ல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருப்பதால், வரும் குளிர்காலங்களில் பேண்ட் நீளும் நேரம் இன்னும் முன்னதாக வரும். குளிர்கால மாலைக்குத் திட்டமிடுபவர்கள் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உட்காருவது நல்லது.

பகலில் திடீரென எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் மங்கினால் சூரியச் சீற்றம் காரணமாக இருக்கலாம். அயனி மண்டலத்தின் கீழுள்ள டி அடுக்கு தடித்து, கீழ் அதிர்வெண்களை விழுங்கிவிடும். சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம் தாண்டியும் நீடிக்கும். மணிக்குப் பதினெட்டாவது நிமிடத்தில் டபிள்யூ டபிள்யூ வி சொல்லும் அறிக்கையில் கே-எண் 5 அல்லது அதற்கு மேல் என்றால் புவிகாந்தப் புயல். வடதுருவத்தை ஒட்டி வரும் சிக்னல்கள் அன்று படபடவென்று அடிக்கும், அல்லது வரவே வராது.

## பேய் நிலையங்கள்: இருக்கக் கூடாத இடத்தில் குரல்

6300-ல் பலமாகப் பேச்சு. பைரேட் என்று குறித்துக்கொண்டீர்கள். உடனே 7210-க்குப் போய்ப் பாருங்கள். அதே குரல் அங்கே இன்னும் பலமாக இருந்தால் நீங்கள் கேட்டது இமேஜ். வரும் சிக்னலை உள்ளே 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றும் எளிய சூப்பர்ஹெட் ரேடியோ, டயலுக்கு 910 (455-ன் இரு மடங்கு) மேலே உள்ள நிலையத்தையும் சேர்த்து உள்ளே விடும். 41 மீட்டர் ஒலிபரப்புப் பேண்ட் 7200-லிருந்து தொடங்குவதால், அதன் நிழல் 6290-லிருந்து மேல்நோக்கி விழுகிறது: சரியாக ஐரோப்பியப் பைரேட்களின் வாசலில். இந்தத் தற்செயலால் எத்தனையோ பதிவேடுகளில் இல்லாத நிலையங்கள் ஏறியிருக்கின்றன. 910 கூட்டிப் பார்க்காமல் 6290-க்கு மேல் எதையும் பதிவு செய்யாதீர்கள்.

மத்திய அலை நிலையத்தின் மடங்கும் இப்படித் தோன்றும். 1390-ன் ஐந்து மடங்கு 6950. 1160-ன் ஆறு மடங்கு 6960. ஊரில் பலமான மத்திய அலை நிலையம் இருந்தால் அதன் எண்ணை 4, 5, 6, 7-ஆல் பெருக்கி ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ திணறித் தானே கலவை செய்கிறதா என்பதற்குச் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர்தான் நீதிபதி. 10 டெசிபெல் குறைப்பைப் போடுங்கள். உண்மையான சிக்னல் 10 குறையும். இரு நிலையங்கள் ரேடியோவுக்குள் கலந்து பிறந்தது 20 அல்லது 30 குறையும். பெரும்பாலும் ஒரேயடியாக மறையும். ஆனால் இமேஜ் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதுவும் 10 மட்டுமே குறையும். அதனால் 910 சோதனையும் இதுவும் இரண்டும் வேண்டும்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் எனும் யூஎஸ்பி ரிசீவரின் மூன்றாம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. அதில் சிற்றலை கேட்பது நேரடி சாம்பிளிங் முறையில். ட்யூனர் சில்லு வழியிலேயே இல்லாததால் கெயின் ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தினாலும் ஒன்றும் ஆகாது. அதன் 8 பிட் டிஜிட்டல் மாற்றி மத்திய அலையின் பலத்தில் நிரம்பி வழியும். 2.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் போட்டால் அந்தத் திணறல் அடங்கும். அதே சாதனத்தில் 14.4 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்துப் பேண்ட் மடிகிறது: 21.875-ல் உள்ளது 6.925-ல் தோன்றும். நான்காம் பதிப்பில் அப்-கன்வெர்ட்டர் இருப்பதால் மடிப்பு இல்லை, கெயினும் வேலை செய்யும். அதற்கான தனி டிரைவரை நிறுவ வேண்டும்.

கையடக்க ரேடியோவில் 20, 30 மீட்டர் வயரை நேராக ஏரியலில் மாட்டுவதும் இதே கதையில்தான் முடியும். உறை உள்ள வயரை ஏரியலைச் சுற்றி ஐந்தாறு சுற்று மட்டும் சுற்றுங்கள். சிக்னல் குறைந்து பேய்கள் அதைவிட வேகமாகக் குறையும்.

6070-ல் கேட்கும் சிறு நிலையப் பாணி நிகழ்ச்சிகளைப் பைரேட் என்று எழுதாதீர்கள். அங்கே ஒலிபரப்பும் ஜெர்மனியின் சேனல் 292 உரிமம் பெற்ற நிலையம்.

## குரல் வாத்து கத்துவதுபோல் இருக்கிறது

ட்யூனிங் பிசகு. எவ்வளவு திருகினாலும் வார்த்தை புரியவில்லையென்றால் தவறான சைட்பேண்ட். அப்பருக்கும் லோயருக்கும் மாற்றிப் பாருங்கள். அப்பரில் குரல் கீச்சென்றிருந்தால் டயல் கீழே இருக்கிறது, மேலே ஏற்றுங்கள். குரல் கனத்து இழுத்தால் கீழே இறக்குங்கள். பேச்சுக்கு 50 ஹெர்ட்ஸ் பிசகைப் பொறுக்கலாம். பாட்டுக்கு 20 ஹெர்ட்ஸே காதில் உறுத்தும். எனவே 10 ஹெர்ட்ஸ் படியில் நகரும் ரேடியோ தேவை. தெரிந்த பாட்டு ஓடினால் அதே பாட்டின் பதிவைப் போனில் போட்டு, நீண்டு நிற்கும் ஒரே ஸ்வரத்தை இரண்டிலும் ஒப்பிட்டு டயலைச் சரிசெய்வதுதான் மிக நுட்பமான முறை.

ரேடியோவின் சொந்தப் பிசகையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூ டபிள்யூ வி-யை 10 மெகாஹெர்ட்ஸில் எஸ்எஸ்பியில் வைத்து, விசில் தணிந்து தணிந்து மறையும் புள்ளியைப் பிடியுங்கள். டயல் அப்போது 10000.12 காட்டினால் ரேடியோ 120 ஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது. 6925-ல் அது 83 ஹெர்ட்ஸ். பதிவேட்டில் எழுதும்போது அதைக் கழித்து எழுதுங்கள். வீட்டில் கட்டிய டிரான்ஸ்மிட்டர் பலவும் சரியான எண்ணில் நிற்பதில்லை. 6924.9, 6925.1 போன்ற பின்னங்களே நிலையத்தை அடையாளம் காட்டும் கைரேகை.

## ஏஎம் பாட்டு மூச்சு வாங்குகிறது, கரகரக்கிறது

இரு பாதைகளில் வந்த ஒரே சிக்னல் ஒன்றையொன்று வெட்டும்போது, ஒரு குறுகிய பள்ளம் அலைவரிசை மேல் நகர்ந்து போகிறது. அது கேரியரை விழுங்கும் நொடியில் சாதாரண ஏஎம் டிடெக்டர் குழம்பி, பாட்டை நொறுக்குகிறது. கேரியரைத் தானே உருவாக்கிக்கொள்ளும் சிங்க் டிடெக்டர் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ஏஎம் நிலையத்தையே எஸ்எஸ்பியில் கேளுங்கள்: விசில் மறையும் வரை டயலை நகர்த்தி, எந்தச் சைட்பேண்டில் குறுக்கீடு குறைவோ அதில் நிறுத்துங்கள். கேரியரை ரேடியோவே தருவதால் மங்கல் வந்தாலும் நொறுங்காது. வலுவான, தனித்த சிக்னலுக்கு 6 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர், நெருக்கடியில் 4, எஸ்எஸ்பியில் 2.4 முதல் 2.8. அதற்குக் கீழே குறுக்கினால் இரைச்சலோடு மெய்யெழுத்துகளும் போய்விடும்.

## விசில், டொய்ங், வேறு யாரோ பேசுவது

நிலையான விசில் என்றால் இரண்டு கேரியர்கள், ஒரே தொனியை வெட்டும் நாட்ச் ஃபில்டர் போதும். ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளில் இருவர் மாறி மாறிப் பேசினால் மீனவர்கள். 6900-களில் அவர்கள் வழக்கமான விருந்தினர்கள். 6312-ல் சில நொடிகள் மட்டும் வந்து போகும் குழைந்த ஒலி கப்பல்களின் அபாய அழைப்பு டிஜிட்டல் அலைவரிசை. அதன் பக்கத்தில் 6314-ல் கடல்சார் எச்சரிக்கைகள் டெலக்ஸாக வரும். 6215 கப்பல்களின் அபாயக் குரல் அலைவரிசை. 4 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒரே தாளத்தில் திரும்பத் திரும்பச் சீறுவது கடல் நீரோட்டம் அளக்கும் ரேடார். அதற்கு மருந்து இல்லை, நகர்ந்து போங்கள்.

## படம் சாய்கிறது, நிறம் மாறுகிறது

பல பைரேட்கள் நிகழ்ச்சி முடிவில் எஸ்எஸ்டிவி படம், அதாவது ஒலித் தொனிகளாக மாற்றிய நிலைப்படம், அனுப்புகிறார்கள். நிலையத்தின் பெயரும் மின்னஞ்சலும் அதில்தான் இருக்கும் என்பதால் தவறவிடாதீர்கள். எம்எம்எஸ்எஸ்டிவி, கியூஎஸ்எஸ்டிவி போன்ற மென்பொருள்கள் கணினிக்கு. போனில் ரோபாட்36 செயலியை ஸ்பீக்கர் அருகே வைத்தாலே போதும்.

படம் தொடங்கவே இல்லையென்றால் தொடக்கக் குறியீடு மங்கலில் போய்விட்டது. மோடைக் கையால் தேர்ந்தெடுங்கள். நேரத்தை வைத்து ஊகிக்கலாம்: மார்ட்டின் 1 ஏறத்தாழ 114 நொடி, ஸ்காட்டி 1 ஏறத்தாழ 110 நொடி, ரோபாட் 36 என்பது 36 நொடி. தவறான மோடு என்றால் படம் குறுக்குக் கீற்றுகளாகச் சிதறும். ஒலியைப் பதிவு செய்து வைத்திருந்தால் மறுபடி மறுபடி முயலலாம். எப்போதும் பதிவு ஓடட்டும்.

படம் முழுமையாக வந்து சீராகச் சாய்ந்தால் சவுண்ட் கார்டின் கடிகாரம் பிசகு. 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) பிசகு 110 நொடியில் 11 மில்லிநொடி ஆகிறது. ஸ்காட்டி 1-ல் ஒரு நிறக் கோடு 138 மில்லிநொடி, 320 புள்ளி; ஆக அடிவரிசை 25 புள்ளி நகர்ந்துவிடும். எம்எம்எஸ்எஸ்டிவியில் நேரச் சிக்னலின் டிக் ஒலியை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தும் வசதி உண்டு. ஒருமுறை செய்தால் போதும். நிறம் மாறியிருந்தால் டயல் பிசகு: கறுப்பு 1500 ஹெர்ட்ஸ், வெள்ளை 2300, ஒத்திசைவு 1200 என்று இருக்க வேண்டியது மொத்தமாக நகர்ந்திருக்கிறது. இரைச்சல் குறைப்பு, நாய்ஸ் பிளாங்கர் இரண்டையும் படம் வரும்போது அணையுங்கள். அவை பேச்சுக்கு ஆனவை. படத்தின் தொனிகளைத் தின்றுவிடும்.

## கேட்டேன், ஆனால் அறிக்கைக்குப் பதிலே இல்லை

கேட்ட விவரத்தை நிலையத்துக்கு எழுதும் அறிக்கைக்குப் பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் தேதிக் குழப்பம். எல்லா நேரமும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும். நியூயார்க்கில் கோடைகால சனிக்கிழமை இரவு 8 மணி, யூடிசியில் ஞாயிறு 0000. குளிர்காலத்தில் ஞாயிறு 0100. சனி என்று எழுதிய அறிக்கையை நிலையத்தார் தங்கள் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த நாளில் ஒலிபரப்பே இருக்காது.

அதிர்வெண், மோடு, எஸ்ஐஓ மதிப்பு (சிக்னலின் பலம், குறுக்கீடு, மொத்தத் தரம்), குறைந்தது மூன்று நிகழ்ச்சி விவரங்கள் நிமிடத்தோடு, உங்கள் ரிசீவர், ஆன்டெனா, நீங்கள் இருக்கும் பகுதி: இவ்வளவு வேண்டும். "நல்ல இசை, நன்றாக இருந்தது" என்பதை எந்த நிலையமும் உறுதி செய்யாது. 0012-ல் இன்ன பாட்டு, 0016-ல் அறிவிப்பாளர் இன்னது சொன்னார் என்றால் கேட்டதை உறுதி செய்யும் க்யூஎஸ்எல் அட்டை வரும். 30 நொடி ஒலிப்பதிவை இணைத்தால் இன்னும் நல்லது. இணைய ரிசீவரில் கேட்டிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். அந்த ரிசீவர் இருக்கும் ஊரில் சிக்னல் எப்படி இருந்தது என்பதும் ஒலிபரப்பாளருக்குத் தேவையான தகவல்தான்.

டிரான்ஸ்மிட்டர் எங்கே இருக்கலாம் என்ற ஊகத்தைப் பொதுவில் எழுதாதீர்கள். அமெரிக்காவில் 2020-ல் வந்த பைரேட் சட்டம் மத்திய அலை, எஃப்எம் பேண்டுகளில் உரிமமற்ற ஒலிபரப்புக்கான அபராதத்தை 20 லட்சம் டாலர் வரை உயர்த்தியது. நேயரின் ஒரு வரி ஒருவரை வீட்டோடு காட்டிக்கொடுத்துவிடும். கேட்பதற்கான விதிகளும் நாட்டுக்கு நாடு வேறு என்பதால் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகவரி நிகழ்ச்சியில் சொல்லப்படாவிட்டால் படத்தில் தேடுங்கள். அதிலும் இல்லையென்றால் அந்த நிலையம் அறிக்கை வேண்டாமென்று முடிவு செய்திருக்கிறது, பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.